யாரும் தின்னாத பழம்

ஏப்ரல் 7, திங்கள்

இன்று ஒரு தவறு செய்தேன். காலையில் வந்த ஸ்ட்ராபெர்ரிப் பெட்டிகளை வந்த கையோடு உறைபெட்டியில் வைத்துவிட்டேன்.

பறித்த பிறகும் பழம் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும், நேரம் ஆக ஆக அதன் மணமும் சத்தும் மாறிக்கொண்டே போகும், அதனால் உடனே உறைய வைத்துவிட வேண்டும் என்று நான் படிக்கும் மாலை வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நான்தான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை போலிருக்கிறது. வகுப்புக்கும் எங்கள் பழப் பரிசோதனை நிறுவனத்துக்கும் சம்பந்தம் உண்டென்று நினைத்துவிட்டேன். (செய்த தவறை முதலில் எழுது, நடந்ததைப் பிறகு எழுது, மறுநாள் வேலையைக் கடைசியில் எழுது என்பதும் வகுப்பில் சொன்னதுதான். அதன்படியே எழுதுகிறேன்.)

எங்கள் பிரிவுத் தலைவரை எல்லோரும் கையுறை என்றுதான் சொல்வோம். காலையில் மாட்டுகிற ரப்பர் கையுறையை மாலையில்தான் கழற்றுவார். கதவு, கழிப்பறை, தேநீர்க் கோப்பை எல்லாம் அதே ஜோடிதான். அவர் உறைபெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, யாரைக் கேட்டு உள்ள வச்ச?"

"கெட்டுப்போயிடும்னு சார்..."

"கெட்டுப்போறது பழத்தோட சொந்த விஷயம். நேர்பார்வை ஆகாம உள்ள போறது நிறுவனத்தோட விஷயம். இப்படிக் கல்லு மாதிரி கொண்டுபோய் இயக்குநர் முன்னாடி வச்சா என்ன ஆகும்?"

"என்ன ஆகும் சார்?"

"பல்லு கூசும்மா!"

நேர்பார்வை என்பது எங்கள் நிறுவனத்தின் நடைமுறை. ஒவ்வொரு மாதிரியும் முதலில் நான்காவது மாடிக்கு இயக்குநரிடம் போக வேண்டும். அங்கிருந்து மூன்றாவது மாடிக்கு, துணை இயக்குநரிடம். அப்புறம் இரண்டாவதில் இரண்டு முதுநிலை அலுவலர்கள், முதலாவதில் கையுறை. ஒவ்வொருவரும் பழத்தை நேரில் பார்வையிட்டுப் பெட்டியின் மேல் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தரைத்தளத்தில் இருக்கும் கருவிக்கு அது வரும். பார்வையிடுவது வாயால்.

பெரியவர்கள் முதலில் பார்வையிடுவதால் பெரிய பழங்கள் முதலில் போய்விடும். கையுறையிடம் வரும்போது நடுத்தரமானவை இருக்கும். அவர் அவற்றைத் தின்றுவிட்டு விரலைக் கையுறையோடு சேர்த்து நக்குவார். கருவிக்கு வருவது யாரும் தின்ன விரும்பாத மிச்சம். அதைத்தான் நாங்கள் ஆராய்கிறோம். அதில் மணம் இல்லை, சத்து இல்லை என்று கண்டுபிடிக்கிறோம்.

பெட்டிகளை வெளியே எடுத்து, துடைத்து, மேலே கொண்டுபோனேன். இயக்குநர் கூட்டத்தில் இருந்தார். அவருடைய முன்னறையில் வெயில் விழும் ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

பன்னிரண்டாம் எண் என் அக்காவின் பெட்டி. பெட்டியில் பெயர் இருக்கக் கூடாது, எண் மட்டும்தான் இருக்கலாம், யாருக்கும் யாருடைய பழம் என்று தெரியக் கூடாது என்பது விதி. வாசல் காவலாளி என்னைப் பார்த்ததும், "உங்க அக்கா பெட்டி இந்தத் தடவை கொஞ்சம் பாரம் ஜாஸ்தி போலயே" என்றார்.

ஆஸ்பத்திரிகளுக்குப் பழம் அனுப்ப நிறுவனம் தரும் தகுதி, அக்காவின் ரகத்துக்குப் போன இரண்டு பருவமும் கிடைக்கவில்லை. இந்தப் பருவமும் கிடைக்கவில்லையென்றால் தோட்டத்தையே பிடுங்கிப் போட்டுவிட்டு, நிறுவனம் சொல்கிற ரகத்தை நட வேண்டும். நிறுவனம் சொல்கிற ரகம் ஒன்றாம் எண். இயக்குநரே கலப்புச் செய்து உருவாக்கியது.

நாளைய வேலை: பெட்டிகள் இறங்கி வந்ததும் சாறு எடுத்துக் கருவிக்குத் தயார் செய்வது.

ஏப்ரல் 8, செவ்வாய்

தவறு: வெற்றுக் குப்பியை எடுத்து ஓரமாக வைக்க மறந்துவிட்டேன்.

பெட்டிகள் மதியத்துக்கு மேல்தான் இறங்கி வந்தன. பன்னிரண்டாம் எண்ணில் ஒரு கைப்பிடி மிச்சம் இருந்தது. அடியில் கிடந்தவை ஒன்றோடொன்று ஒட்டி, சாம்பல் நிறத்தில் மயிர் முளைத்திருந்தது. அட்டைப்பெட்டியின் மூலையிலிருந்து பழுப்புச் சாறு சொட்டி, நான் இறங்கி வந்த படியெல்லாம் கோடு போட்டிருந்தது. அதன் மேல் ஈ. துணை இயக்குநரின் குப்பைக்கூடை நிறையப் பச்சைக் காம்புகள். அவர் அறையில் அக்கா தோட்டத்து வாசனை அடித்தது. பெட்டியில் அடிக்கவில்லை.

ஒன்றாம் எண் பெட்டி காலையிலேயே வந்துவிட்டது. அதன் மூடியை யாரும் திறப்பதில்லை. பார்க்க அக்காவின் பழத்தைப் போலவேதான் இருக்கும், இன்னும் கொஞ்சம் பளபளப்புகூட. கடித்தால் ஈரப் பஞ்சு. ஒருமுறை தின்றவர்கள் மறுமுறை தின்பதில்லை. மேலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள். இயக்குநரும் தின்பதில்லை. "நான் பெத்த பிள்ளையை நானே மெச்சிக்கக் கூடாது" என்பார். அதனால் அது ஒரு காயம் இல்லாமல், ஒரு பழம் குறையாமல் வந்து சேரும். ஒவ்வொரு பருவமும் முதலிடம் அதற்குத்தான்.

முகர்வுக் குழு கூடியது. எங்கள் கருவியில் பழத்தின் ஆவி ஒரு நீண்ட மெல்லிய குழாய்க்குள் போய், தனித்தனி வாசனையாகப் பிரிந்து, ஒன்றன்பின் ஒன்றாக மறுமுனையில் வெளியே வரும். அந்த முனையில் ஒரு கண்ணாடிக் கூம்பு இருக்கிறது. அதில் மூக்கை வைத்து, என்ன வாசனை என்று சொல்ல வேண்டும். ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்கக் கூடாது என்பதும் விதி. எங்கள் நிறுவனத்தில் இயக்குநர் முதலில் முகர்ந்து உரக்கச் சொல்வார். மற்றவர்கள் பதவி வரிசைப்படி முகர்ந்து ஆமோதிப்பார்கள். கடைசி மூக்கு நான்.

பன்னிரண்டாம் எண்ணுக்கு இயக்குநர் முகத்தைச் சுளித்தார். "காடி. பூஞ்சை. செத்த எலி."

"செத்த எலிதான் சார்" என்றார் துணை இயக்குநர்.

"ரொம்ப நாள் முன்னாடி செத்த எலி" என்றார் கையுறை. அவருக்குக் கொஞ்சம் சொந்தக் கருத்து உண்டு.

என் முறை வந்தது. காடியும் பூஞ்சையும் இருந்தது உண்மைதான். ஆனால் நடுவில் ஒரு கணம், காய்ச்சிய சர்க்கரை மாதிரி மெல்லிசாக ஏதோ வந்து போனது. அக்காவின் பழம் என்பதால் எனக்கு அப்படித் தோன்றியதோ? தங்கச்சியின் மூக்கை நம்ப முடியாது. மூன்று தடவை முகர்ந்தேன். கையுறை முதுகில் தட்டி, "எலிம்மா, எலி. இதுக்குப் போய் இவ்வளவு நேரமா?" என்றார்.

அடுத்து ஒன்றாம் எண் வர வேண்டும். குழு கூடும் முன் கருவியைச் சுத்தம் பார்க்க, உள்ளே எதுவுமே இல்லாத ஒரு வெற்றுக் குப்பி ஓடும். ஓடி முடிந்த பிறகும் அதை நான் வரிசையிலிருந்து எடுக்கவில்லை. கருவிக்காரர் கவனிக்காமல் ஒன்றாம் எண்ணுக்குப் பதில் அதையே ஓட்டிவிட்டார்.

இயக்குநர் கூம்பில் மூக்கை வைத்துக் கண்ணை மூடினார்.

"ஆஹா. பாருங்க. ஒரு ஆர்ப்பாட்டம் இல்ல, ஒரு அலட்டல் இல்ல. எவ்வளவு நாகரிகமா இருக்கு!"

நான்கு பேரும் முகர்ந்து, நாகரிகமாக இருக்கிறது என்றார்கள். என் முறையில் எனக்கு எதுவும் வரவில்லை. காற்றுதான் வந்தது. கருவிக்காரரைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்தார். திரையில் ஒரு மேடுகூட இல்லை, தட்டைக் கோடு. பிறகு அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

இயக்குநர் எங்களுக்கு விளக்கினார்:

"மணம்னு எல்லாரும் கொண்டாடுறாங்க. நான் கேக்குறேன், மணம்னா என்ன? பழம் தன்னைத்தானே விளம்பரம் பண்ணிக்கிறது. ஈயைக் கூப்பிடுது, குருவியைக் கூப்பிடுது, திருடனைக் கூப்பிடுது. அது ஒழுக்கக்கேடு. நம்ம பழம் ஆஸ்பத்திரிக்குப் போகுது. நோயாளிக்கு எதுக்குங்க ஆசை? சத்து போதும். அந்தச் சத்தும் அளவோட இருந்தா போதும்."

எல்லோரும் கை தட்டினார்கள். வெற்றுக் குப்பிக்குப் பத்துக்கு ஒன்பதரை.

பிறகு கருவிக்காரரிடம் தனியாகச் சொன்னேன். "தெரியும்மா. நான் கருவிக்கு ஊசி போடுறவன். என்ன வந்துச்சுன்னு கேட்டா எண்ணைச் சொல்லுவேன். அதுக்கு மேல என் வாயைக் கிளறாத" என்றார்.

மறுசோதனை வியாழக்கிழமை. அதுதான் கடைசி.

நாளைய வேலை: வகுப்புக்குப் போகும் முன் அக்காவிடம் விஷயத்தைச் சொல்வது.

ஏப்ரல் 9, புதன்

தவறு: அக்காவிடம் 'செத்த எலி' என்ற சொல்லைச் சொல்லியிருக்க வேண்டாம்.

அக்கா பாத்தியில் குனிந்து இலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்தாள்.

"எலியா?"

"பூஞ்சை பிடிச்சுடுச்சுக்கா. மேல போய்க் கீழ வர்றதுக்குள்ள..."

"நல்லதா இருக்கறதையெல்லாம் தின்னுட்டு, கீழ கிடந்த அழுகலை மோந்து பார்த்து எலின்னு சொன்னாங்களா? நீயும் கூட நின்னு மோந்தியா?"

"கடைசியா மோந்தேன்."

"என்ன சொன்ன?"

நான் என் செருப்பைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. அத்தான் தண்ணீர்க் குழாயை நிறுத்திவிட்டு வந்தார். "விடு, அவ என்ன பண்ணுவா? பேசாம ஒண்ணு பண்ணலாம். பழத்து மேல வேப்பெண்ணெய் தடவி அனுப்பு. எவனும் வாய் வைக்க மாட்டான்" என்றார்.

"அப்புறம் கருவியில வேப்பெண்ணெய்தான் வரும்" என்றாள் அக்கா. "அவங்க வாய் வைக்காத பழம்னு ஒண்ணு இருக்கா உங்க ஆபீஸ்ல?"

அவள் எரிச்சலில் கேட்டாள். நான் பதில் சொன்னேன்: "ஒண்ணாம் நம்பர்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அத்தான்தான் முதலில் சிரித்தார்.

மாற்றி வைப்பது தவறு என்று எனக்குத் தெரியும். ஆனால் பழம் கெடாமல் கருவிக்கு வர வேறு வழி இல்லை. முடிவு வந்ததும் எழுந்து நின்று உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று அக்காவிடம் சொன்னேன். அளந்த அளவு அளந்ததுதானே, பெயரை மட்டும் திருத்தினால் போதும். "நீ சொல்லுவியாடி?" என்று கேட்டாள். "சொல்லுவேன்" என்றேன். வகுப்பில் முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்ததில் பாடம் மண்டையில் ஏறவில்லை.

நாளைய வேலை: ஒன்று, பன்னிரண்டு இரண்டின் அட்டைகளையும் மாற்றிக் கட்டுவது.

ஏப்ரல் 10, வியாழன்

தவறு: இன்று செய்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

மறுசோதனைக்குக் காலையில் புதிதாக வந்த இரண்டு பெட்டிகளின் அட்டைகளையும் மாற்றிக் கட்டினேன். அவசரத்தில் முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது. அக்காவின் பழம் ஒன்றாம் எண்ணாக மேலே போய், மூடி திறக்காமல், ஐந்து கையெழுத்தோடு அரை மணியில் கீழே வந்தது. அப்படியே சில்லென்று இருந்தது.

இயக்குநரின் பழம் பன்னிரண்டாம் எண்ணாகப் போனது. அது மாலைதான் வந்தது. திறந்து பார்த்தேன். ஒரு பழம்கூடக் குறையவில்லை. ஆனால் ஒவ்வொரு பழத்திலும் ஒரு கடி. கடித்து, ருசி பிடிக்காமல், அடுத்ததாவது நன்றாக இருக்குமா என்று அதையும் கடித்து, எல்லாவற்றையும் எச்சிலோடு திரும்ப அடுக்கியிருந்தார்கள். சிலவற்றில் மென்ற சதையைத் துப்பி மேலே வைத்திருந்தது. ஒன்றில் ரப்பர் கையுறையின் வெள்ளைப் பொடி அப்பியிருந்தது. பெரிய, அகலமான முன்பல் தடம் நான்காவது மாடியுடையது. வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். பிறகு அதைச் சாறு எடுத்தேன், அது என் வேலை.

குழு கூடியது. முதலில் பன்னிரண்டு.

"புதினா" என்றார் இயக்குநர். "புகையிலை. பழைய காப்பி. என்னய்யா இது? தோட்டத்துல உக்காந்து சிகரெட் பிடிக்கிறாங்களா?"

"விவசாயிங்களுக்குச் சுத்தமே கிடையாது சார்" என்றார் கையுறை. அவர் சட்டைப் பையில் சிகரெட் பெட்டி துருத்திக்கொண்டிருந்தது.

"புதினா எங்கிருந்து சார் வந்துச்சு?" என்று துணை இயக்குநர் கேட்டார். அவருடைய பற்பசை வாசனை எனக்கு இரண்டு ஆள் தள்ளியே தெரிந்தது.

அடுத்தது ஒன்று. கருவிக்காரர் ஊசியை ஏற்றினார். திரையில் மேடுகள் வரிசையாக எழுந்தன. அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். கூம்பிலிருந்து கசிந்ததே அறை முழுக்கப் பரவியது. முதலில் நசுக்கிய பச்சை இலை, பிறகு கனிந்த பழம், பிறகு காய்ச்சிய சர்க்கரை. சிவப்பு நிறச் சத்து ஒன்றாம் எண்ணின் வழக்கமான அளவைப்போல் மூன்று மடங்கு. எனக்குத் தோன்றிய அந்தச் சர்க்கரை பொய்யில்லை, கருவியும் அதைத்தான் வரைந்தது.

இயக்குநர் கூம்பில் வைத்த மூக்கை எடுக்கவே இல்லை. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"இத்தனை வருஷமா இது இதுக்குள்ளதான் இருந்துச்சு. உங்க யாருக்கும் மோந்து பார்க்கத் தெரியல."

"தெரியல சார்" என்றார்கள் நால்வரும்.

"மணம்தாங்க ஒரு பழத்தோட ஒழுக்கம். வாசனையே இல்லாத பழத்தை நோயாளி எப்படிம்மா வாயில வைப்பான்? நான் எப்பவும் சொல்றதுதானே இது?"

"எப்பவும் சொல்றீங்க சார்."

நாளைய வேலை: முடிவு அறிவிக்கும் கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொல்வது.

ஏப்ரல் 11, வெள்ளி

தவறு: உண்மையைச் சொன்னால் போதும் என்று நினைத்தேன்.

கூட்ட அரங்கில் தோட்டக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். அக்கா மூன்றாவது வரிசையில், மடியில் ஒரு மூடிய டப்பாவோடு இருந்தாள். ஒன்றாம் எண்ணுக்கு வரலாறு காணாத தகுதி என்று வாசித்தார்கள். பன்னிரண்டாம் எண்ணுக்கு மூன்றாம் முறையும் தகுதியின்மை, திங்கட்கிழமைக்குள் செடிகளை அகற்ற வேண்டும் என்று வாசித்தார்கள்.

எழுந்தேன்.

"சார், அட்டையை நான் மாத்திக் கட்டிட்டேன். நேத்து ஒண்ணாம் நம்பர்ல வந்தது எங்க அக்கா பழம். பன்னிரண்டுல இருந்ததுதான் உங்க பழம். எல்லாரும் ஒவ்வொரு கடி கடிச்சுத் துப்பினது அதைத்தான்."

இயக்குநர் மேடையில் பக்கத்தில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"என் பழத்தையா துப்பினீங்க?"

"ஐயோ, சார்!" கையுறை பதறி எழுந்தார். "உங்க பழத்தைத் துப்புற ஆள் இந்த நிறுவனத்துல இருக்கானா?"

"இல்ல சார்" என்றார் துணை இயக்குநர்.

"அப்ப, துப்பினது உங்க பழமா இருக்க முடியாது. அப்ப, அட்டை மாறல. இந்தப் பொண்ணுக்கு ராத்திரி வகுப்புக்குப் போய்ப் போய் மூளை குழம்பிடுச்சு, பாவம்" என்றார் கையுறை.

இயக்குநர் தானும் ஒரு கடி கடித்திருந்ததை யோசித்தாரோ என்னவோ, வேகமாகத் தலையாட்டினார். கருவிக்காரரைக் கேட்டார்கள். "கருவிக்கு எண்ணு மட்டும்தான் தெரியும் சார்" என்றார் அவர், செருப்பைப் பார்த்தபடி. மேடையில் ஐந்து பேரும் அவ்வளவு உறுதியாக இருந்ததில், நான் நிஜமாகவே மாற்றிக் கட்டினேனா என்று ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்தது.

அக்கா எழுந்து மேடைக்குப் போனாள். டப்பாவைத் திறந்து இயக்குநரின் முன் வைத்தாள். "காலையில பறிச்சது. கருவி வேண்டாம், அட்டை வேண்டாம். இப்பவே எல்லார் முன்னாடியும் மோந்து பாருங்க" என்றாள்.

முன்வரிசைவரை வாசனை வந்தது. இயக்குநர் ஒன்றை எடுத்து முகர்ந்தார், தின்றார். இன்னொன்று தின்றார். துணை இயக்குநர் இரண்டு எடுத்தார். கையுறை கையை நீட்டினார். எங்கள் கண்ணெதிரே டப்பா காலியாகிக்கொண்டிருந்தது.

"இதேதான்" என்றார் இயக்குநர், வாய் நிறையச் சாறோடு. "நேத்துக் கருவியில வந்த அதே மணம். சந்தேகமே இல்ல."

"அப்ப ஒத்துக்கிறீங்களா?" என்றாள் அக்கா.

"இது ஒண்ணாம் நம்பர். என் ரகம். ஏம்மா, அனுமதி இல்லாம என் நாத்து உங்க தோட்டத்துக்கு எப்படி வந்துச்சு?"

அக்கா அவரையே பார்த்தாள். "நல்லா இருந்தா உங்களோடது. நாறினா என்னோடதா?"

"இப்பத்தாம்மா சரியாப் புரிஞ்சுக்கிட்டீங்க" என்றார் இயக்குநர். கேலியாகச் சொல்லவில்லை. மனதாரப் பாராட்டினார். பிறகு, திருட்டு வழக்குப் போடாமல் பெருந்தன்மையோடு விடுவதாகவும், செடிகளைப் பிடுங்கிய இடத்தில் முறைப்படி ஒன்றாம் எண் நாற்றை நடலாம் என்றும் அறிவித்தார். எனக்கு ஒரு மாத ஓய்வு, மூக்குக்கு. என்னிடமிருந்து வாங்கிய அடையாள அட்டையைக் கையுறை துடைக்காமல் பையில் போட்டார். அவர் விரல்நுனி சிவந்திருந்தது.

நானும் அக்காவும் வீட்டுக்கு நடந்தே வந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "சொல்லுவேன்னு சொன்ன. சொன்ன. அது போதும்டி" என்றாள். எனக்குப் போதவில்லை. டப்பாவைக் கழுவி வைத்தாள். அத்தான் எதுவும் கேட்காமல் மண்வெட்டிக்குப் புதுப் பிடி போட ஆரம்பித்தார்.

செடிகள் அகற்றப்பட்டனவா என்று நேர்பார்வையிடத் திங்கட்கிழமை காலை நிறுவனத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

நாளைய வேலை: விடிந்ததும் அக்காவோடும் அத்தானோடும் தோட்டத்தில் இறங்க வேண்டும். பழம் இருக்கிற செடிகளை முதலில் பிடுங்க வேண்டும். அவர்கள் வரும்போது ஒரு பழம்கூட இருக்கக் கூடாது.